என் முழங்காலும் ஒரு சின்ன வரலாற்றுப் பாடமும்



எனக்கு முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் நடக்கப்போகிறது என்று போன வாரம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்டுவிட்டீர்கள். அன்றிலிருந்து போன் ஓயவில்லை. "டீச்சர், ரோபோ வைத்துப் பண்ணுங்க, பழைய முறை வேண்டவே வேண்டாம்" என்று பாதிப் பேர். "மெஷினை நம்பாதீங்க அத்தை, கைராசியான டாக்டர் போதும்" என்று மீதிப் பேர். என் மகனும் மகளுமே ஆளுக்கொரு கட்சி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். என்னிடம் படித்தவர்களுக்கு அது பழகியதுதானே.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்தவள், டாக்டர் இல்லை. ஆனால் முப்பத்தாறு வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்ற கால் என்னுடையது. மூன்று மாதமாக அந்தக் காலைப் பற்றிப் படித்தேன், கேட்டேன், குறித்து வைத்தேன். சமூக அறிவியல் எடுத்தவள் என்பதால் வரலாற்றிலிருந்துதான் எனக்கு எதுவும் பிடிபடும்.

என் அக்காவை உங்களில் சிலருக்குத் தெரியும். பள்ளி ஆண்டுவிழாவுக்கு முறுக்கு சுட்டு அனுப்புவாள். அவளுக்கும் இதே தேய்மானம். ஆபரேஷன் என்றாலே பயம். "கத்தி வைத்தால் படுத்துவிடுவேன்" என்று பத்து வருடம் எண்ணெய், கட்டு, ஊசி என்று ஓட்டினாள். கம்பு ஊன்றினாள், பிறகு நாற்காலி, பிறகு கட்டில். கடைசி மூன்று வருடம் வாசல் திண்ணையைக்கூட அவள் பார்க்கவில்லை. கத்திக்குப் பயந்தவளைப் படுக்க வைத்தது அந்தப் பயம்தான். அதனால் ஆபரேஷன் வேண்டுமா என்ற கேள்வி எனக்கு இல்லை. எப்படி, யாரிடம் என்பதுதான் கேள்வி.

சரி, பாடத்துக்கு வருவோம்.

முழங்காலில் தொடை எலும்பின் அடிமுனையும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையும் சந்திக்கின்றன. இரண்டுக்கும் மேல் வழவழப்பாகக் குருத்தெலும்பு போர்த்தியிருக்கும். அது தேய்ந்து போனால் எலும்பும் எலும்பும் உரசும். தேய்ந்த குருத்தெலும்பு பழையபடி வளராது. அப்படியானால் அந்த இடத்தில் வேறு எதை வைப்பது? மருத்துவர்கள் நூற்று முப்பது வருடத்துக்கு மேலாக விடை தேடும் கேள்வி இது.

முதலில் துணிந்தவர் தெமிஸ்டாக்ளிஸ் குளூக் என்ற அறுவை மருத்துவர். ஊர் பெர்லின், வருடம் 1890. யானைத் தந்தத்தில் கதவுக் கீல் மாதிரி ஒரு மூட்டைச் செய்து மனித முழங்காலில் பொருத்தினார். அவரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் காசநோயால் மூட்டு அழுகியவர்கள். தொடக்கத்தில் கால் மடங்கியது, நீண்டது, எல்லாருக்கும் ஆச்சரியம். பிறகு உள்ளே இருந்த நோய் திரும்பவும் தலைதூக்கிச் சீழ் பிடித்தது. யோசனை சரிதான், காலம்தான் தயாராகவில்லை. கிருமியைக் கொல்லும் மருந்தும் இல்லை, உடம்பு ஏற்றுக்கொள்ளும் பொருளும் இல்லை.

அடுத்த ஐம்பது, அறுபது வருடம் எதை எதையோ வைத்துப் பார்த்தார்கள். தொடைத் தசையின் மேலுறை, கொழுப்பு, பன்றியின் சிறுநீர்ப்பைச் சவ்வு என்று எலும்புகளுக்கு நடுவே மெத்தை போட்டார்கள். நிலைக்கவில்லை. 1951இல் ஸ்வீடனில் வால்டியஸ் என்பவர் மறுபடி கீல் மூட்டுக்கே வந்தார், முதலில் அக்ரிலிக், பிறகு உலோகம். நடக்க முடிந்தது, ஆனால் கொஞ்ச காலத்தில் எலும்பிலிருந்து ஆட்டம் கண்டது. காரணம் எளிது. கதவுக் கீல் ஒரே திசையில்தான் திரும்பும். நம் முழங்கால் மடங்கும்போது உருளும், வழுக்கும், கொஞ்சம் திருகவும் செய்யும். கீல் அதற்கு இடம் கொடுக்காததால் அந்த விசையெல்லாம் எலும்பின் தலையில் விழுந்தது.

இனி வருவதுதான் இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கடைசி பெஞ்சும் கவனிக்கட்டும்.

இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியில் ரைட்டிங்டன் என்று ஒரு மருத்துவமனை. முன்பு காசநோயாளிகளுக்கானது. அங்கே ஜான் சார்ன்லி என்ற மருத்துவர் இடுப்பு மூட்டை மாற்றும் முயற்சியில் இருந்தார். உலோகக் குண்டு, அது சுழல வழவழப்பான ஒரு கிண்ணம் என்பது அவருடைய திட்டம். கிண்ணத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது டெஃப்லான். நம் வீட்டுத் தோசைக்கல்லில் பூசியிருக்கிறதே, அதேதான். எலும்போடு ஒட்டப் பல் வைத்தியர்கள் பயன்படுத்திய அக்ரிலிக் சிமெண்ட்.

ஏறத்தாழ 300 பேருக்குச் செய்தார். வலி போய்விட்டது, நோயாளிகள் வாழ்த்தினார்கள். இரண்டு மூன்று வருடத்தில் டெஃப்லான் தேய்ந்து தூளாகி, அந்தத் தூள் சுற்றியிருந்த சதையைப் புண்ணாக்கி மூட்டு ஆட்டம் கண்டது. சார்ன்லி அதை மூடி மறைக்கவில்லை. டெஃப்லான் துண்டைத் தன் தொடையிலேயே வைத்து உடம்பு என்ன செய்கிறது என்று சோதித்து, முடிவை எழுதி வெளியிட்டார். தோற்றுப்போன மூட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றும் வேலை அவர் தலையிலேயே விழுந்தது. வாழ்த்தியவர்களின் முகத்தைத் திரும்பப் பார்த்து "நான் வைத்தது தப்பு" என்று சொல்லிச் செய்கிற வேலை. நினைத்துப் பாருங்கள்.

அந்தச் சமயத்தில் ஒரு விற்பனையாளர் புதுப் பிளாஸ்டிக் ஒன்றைக் கொண்டுவந்தார். மிக அடர்த்தியான ஒருவகைப் பாலிஎத்திலீன். அந்த ஊர் நெசவாலைகளில் தறி இயந்திரப் பல்சக்கரங்களுக்குப் பயன்பட்டது. சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, இது உதவாது என்று ஒதுக்கிவிட்டார். அவருடைய பட்டறைத் தொழில்நுட்பர் ஹாரி கிரேவன் மட்டும், பெரியவர் ஊரில் இல்லாத நேரத்தில் அதைத் தேய்மானச் சோதனை இயந்திரத்தில் மாட்டி ஓடவிட்டார். நாள்கணக்கில் ஓடியும் தேய்மானம் மிகக் குறைவு. திரும்பி வந்த சார்ன்லி கோபிக்கவில்லை. கணக்கைப் பார்த்தார், தன் கருத்தை மாற்றிக்கொண்டார். 1962 நவம்பரில் அந்தப் பிளாஸ்டிக் கிண்ணம் முதன்முதலாக மனித உடம்புக்குள் போனது. இன்றைக்கும் மூட்டுக்குள் வைப்பது அந்தக் குடும்பத்துப் பிளாஸ்டிக்தான்.

அதற்குப் பிறகும் அவர் அவசரப்படவில்லை. ரைட்டிங்டனுக்கு வந்து கற்றுக்கொண்ட மருத்துவர்களுக்கு மட்டுமே தன் மூட்டைக் கொடுக்க வேண்டும் என்று வெகுகாலம் பிடிவாதமாக இருந்தார். வைத்த ஒவ்வொரு மூட்டும் என்ன ஆனது என்று பின்தொடர்ந்து கணக்கு எழுதினார்.

அப்படிக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் ஒருவர் கனடாவைச் சேர்ந்த ஃபிராங்க் கன்ஸ்டன். பொறியியலும் படித்தவர். சார்ன்லியின் உலோகம், பிளாஸ்டிக், சிமெண்ட் மூன்றையும் 1968இல் முழங்காலுக்குக் கொண்டுவந்தார். கீலை விட்டுவிட்டார். தொடை எலும்பில் அரைவட்ட உலோகத் தடங்கள், கீழே பிளாஸ்டிக் பள்ளம், பக்கத் தசைநார்கள் அப்படியே. முழங்கால் முதன்முறையாக முழங்கால் மாதிரியே அசைந்தது.

பிறகு நியூயார்க். 1974இல் ஜான் இன்சால், சித்தரஞ்சன் ரணாவத், பொறியாளர் பீட்டர் வாக்கர் ஆகியோர் உருவாக்கிய முழுமூட்டு வந்தது. இன்று உலகமெங்கும் வைக்கப்படும் மூட்டுகளின் மூதாதை அது. ரணாவத் இந்தியாவில் பிறந்து இந்தூரில் மருத்துவம் படித்தவர். 2000ஆம் ஆண்டு அக்டோபரில் பிரதமர் வாஜ்பாய்க்கு மும்பையில் இடது முழங்கால் மாற்றினார்களே, அதைச் செய்தவரும் அவர்தான். மறு வருடம் வலது கால். அந்தச் செய்தியை எங்கள் ஆசிரியர் அறையில் பேப்பரை விரித்து வைத்து வாசித்தது நினைவிருக்கிறது. "பிரதமருக்கே பண்ணிட்டாங்களாம்" என்று பேசிக்கொண்டோம். நம் ஊரில் 'மூட்டு மாற்று' என்ற வார்த்தை வீட்டுக்கு வீடு போனது அப்போதுதான்.

இதுவரை வந்ததெல்லாம் எதை வைப்பது என்ற கதை. அதற்கு விடை கிடைத்த பிறகு அடுத்த கேள்வி வந்தது: எப்படி நேராக வைப்பது? இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்கால் நடுவுக்கு ஒரு கோடு இழுத்தால், அது முழங்காலின் நடுவே போக வேண்டும் என்பது பழைய கணக்கு. மூட்டு சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் மட்டும் பாரம் விழும், பிளாஸ்டிக் ஒரு பக்கமாகத் தேயும். வழக்கமான முறையில், தொடை எலும்புக்குள் ஒரு நீளமான கம்பியைச் செருகி அதை வைத்துத் திசை பார்ப்பார்கள். பிறகு, வாள் போக வேண்டிய இடத்தில் பிளவு வெட்டிய உலோக அச்சு ஒன்றை எலும்பில் பொருத்தி, அதன் வழியே அறுப்பார்கள். தச்சர் அளவுச்சட்டம் வைத்து அறுப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதே முறை. பழகிய கைக்கு நன்றாகவே வரும். ஆனாலும் சில சமயம் இரண்டு மூன்று டிகிரி பிசகும்.

அந்தப் பிசகைக் குறைக்கத்தான் இயந்திரம் வந்தது. 1997இல் பிரான்சின் கிரெநோபிள் நகரத்தில் கணினி வழிகாட்ட, மருத்துவர் கையால் அறுத்த முதல் முழங்கால் ஆபரேஷன் நடந்தது. அதற்கு முன்பே அமெரிக்காவில் ரோபோ வந்துவிட்டது.

'ரோபோ' என்ற சொல் காரல் சாபெக் என்ற செக் எழுத்தாளர் 1920இல் எழுதிய நாடகத்திலிருந்து வந்தது. செக் மொழியில் 'ரொபோட்டா' என்றால் பண்ணையாருக்குக் கூலியில்லாமல் செய்த கட்டாய வேலை. நம் சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி' என்பதற்கு நெருக்கமான சொல். ஆபரேஷன் அறை ரோபோ கூலியில்லாமல் வேலை செய்வதில்லை என்பது பில்லைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது!

வில்லியம் பார்கர் என்ற எலும்பு மருத்துவரும் ஹோவர்ட் பால் என்ற கால்நடை மருத்துவரும் சேர்ந்து ரோபோடாக் என்ற இயந்திரத்தை உருவாக்கினார்கள். முதலில் நாய்களுக்குச் செய்தார்கள். 1992 நவம்பரில் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவில் மனிதருக்கு இடுப்பு ஆபரேஷன். எலும்பை ரோபோவே தானாகக் குடைந்தது. பிறகு ஜெர்மனியில் இந்த ரோபோ வேகமாகப் பரவியது. மருத்துவமனைகள் போட்டி போட்டு விளம்பரம் செய்தன. சில வருடத்தில் தசைகள் சேதமாயின என்று நோயாளிகள் நீதிமன்றம் போனார்கள். 2004 வாக்கில் அங்கே அதன் உபயோகம் ஏறத்தாழ நின்றேபோனது. புதிய முறையில் இன்னும் தெரியவராத ஆபத்துகள் இருக்கலாம் என்பதை நோயாளியிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று 2006இல் ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் கூறியது.

அதிலிருந்து பாடம் கற்று வந்ததுதான் அடுத்த தலைமுறை. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பிரையன் டேவிஸ் குழுவினர் வேறு விதமாக யோசித்தார்கள். மருத்துவர் கையிலேயே கருவி இருக்கட்டும், எல்லை தாண்டினால் மட்டும் இயந்திரம் தடுக்கட்டும். ஒன்றாம் வகுப்பில் சிலேட்டில் 'அ' எழுதும்போது உங்கள் கையை நான் பிடித்துக்கொண்டேனே, ஏறக்குறைய அப்படி. இன்று பரவலாக இருக்கும் மேக்கோ என்ற ரோபோவும் இந்த வகைதான். 2006இல் பாதி மூட்டு மாற்றத் தொடங்கியது. 2013இல் ஸ்டிரைக்கர் நிறுவனம் அதை 165 கோடி டாலருக்கு வாங்கியது. 2015இல் முழுமூட்டுக்கும் அமெரிக்க அனுமதி கிடைத்தது. முன்கூட்டியே சி.டி. ஸ்கேன் எடுத்துக் காலின் முப்பரிமாணப் படம் செய்வார்கள். தொடையிலும் கீழ்க்காலிலும் ஊசிக் கம்பிகள் பொருத்தி, காலின் அசைவைக் கேமரா பார்க்கும். திட்டமிட்ட இடத்துக்கு வெளியே வாள் போகாது. சில ரோபோக்கள் தாமாகவே அறுக்கவும் செய்கின்றன. எதுவானாலும் திட்டம் போடுவதும் திறப்பதும் தசைநார்களைச் சமன்படுத்துவதும் தைப்பதும் மருத்துவர்தான். ரோபோ தனியாக ஆபரேஷன் செய்கிறது என்று நினைக்கும் உறவுகள் இதைக் கவனிக்க.

இப்போது இரண்டு கட்சிகளுக்கும் தீர்ப்பு.

ரோபோ கட்சிக்கு: துல்லியம் உண்மை. மூட்டு கோணல் போவது ரோபோ முறையில் குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாதி மூட்டு மட்டும் மாற்றும்போது இந்தத் துல்லியம் இன்னும் முக்கியம். பழைய விபத்தில் தொடை எலும்பு வளைந்து ஒட்டியவர்கள், உள்ளே ஏற்கெனவே கம்பி இருப்பவர்கள் ஆகியோருக்கு வழக்கமான வழிகாட்டிக் கம்பியைச் செருக முடியாது. அவர்களுக்கு ரோபோவோ கணினி வழிகாட்டலோ பெரிய உதவி. பைக் விபத்தில் தொடையில் கம்பி வைத்த என் மாணவன் ஒருவன் இருக்கிறான். தம்பி, நாளைக்கு உனக்கு மூட்டு மாற்ற வேண்டி வந்தால் இதை நினைவில் வை.

கைராசிக் கட்சிக்கு: கோடு நேராக இருப்பதால் மட்டும் நோயாளி நன்றாக நடப்பார் என்று இன்னும் நிரூபணம் ஆகவில்லை. தென்கொரியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு ரோபோடாக், மறுபாதிக்கு வழக்கமான முறை என்று செய்து, பத்து வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். 2020இல் வெளியான முடிவு: நடையிலும் வலியிலும் மூட்டு உழைத்த காலத்திலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அது பழைய வகை ரோபோ, இன்றைய ரோபோக்களுக்கு அவ்வளவு நீண்ட கணக்கு இன்னும் சேரவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். வழக்கமான முறைக்கு அந்த நீண்ட கணக்கு இருக்கிறது. 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, முழுமூட்டுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 82, இருபத்தைந்து வருடம் உழைக்கின்றன என்றது. ரோபோ பரவுவதற்கு முன்பு கையால் வைத்த மூட்டுகள் அவை.

இன்னொரு உண்மையும் உண்டு. மூட்டு மாற்றியவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு முழுத் திருப்தி இல்லை என்கிறார்கள். அதற்குக் காரணம் கோணல் மட்டும் இல்லை. தொடைத் தசை பலம் இல்லாமை, பயிற்சியைப் பாதியில் விடுவது, அதிகமாக எதிர்பார்ப்பது எல்லாம் சேர்ந்தது. இதில் எதையும் ரோபோ செய்து தராது.

இனி என் கதை. முதலில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். ஆலோசகர் பெண் ஒருத்தி டேப்லெட்டில் ரோபோ வீடியோ போட்டுக் காட்டினாள். ரோபோ என்றால் ஒன்றரை லட்சம் கூடுதல், காப்பீட்டில் வராது. "பணம் நான் தர்றேன்மா" என்றான் மகன். நான் நோட்டில் எழுதிப் போயிருந்த கேள்விகளைக் கேட்டேன். இந்த டாக்டர் வருடத்துக்கு எத்தனை முழங்கால் செய்கிறார்? போன வருடம் எத்தனை பேருக்குச் சீழ் பிடித்தது? எத்தனை பேருக்குத் திரும்பத் திறந்தீர்கள்? வீட்டுக்குப் போன பிறகு பயிற்சிக்கு யார் வருவார்கள்? அந்தப் பெண் பாவம், வீடியோவை மறுபடி முதலிலிருந்து போட்டாள்.

இரண்டாவதாகப் போன இடம் சின்னது. டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். அதே கேள்விகளைக் கேட்டதும், மேசை அறையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். "போன வருஷம் இருநூத்திப் பத்து. ரெண்டு பேருக்குச் சீழ். ஒருத்தருக்குத் திரும்பத் திறந்து மாத்தினேன், அது என் கணக்குப் பிசகு" என்றார். ரோபோ பற்றிக் கேட்டேன். "நல்ல கருவிம்மா. இங்கே வந்தா நானும் கத்துப்பேன். உங்க கால் நேர் கால், கையால நல்லா வரும்" என்றார்.

'என் கணக்குப் பிசகு' என்ற அந்த வார்த்தையில் என் மனசு நின்றுவிட்டது. முப்பத்தாறு வருடம் விடைத்தாள் திருத்தியவள் நான். தப்பை ஒத்துக்கொள்கிற பையன்தான் அடுத்த பரீட்சையில் தேறுவான். வெளியே வந்ததும் மகனிடம் சொல்லிவிட்டேன், இங்கேதான் என்று. அவனுக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. அம்மாவுக்கு மலிவானதைச் செய்துவிட்டோமோ என்று அவனுக்கு உறுத்தல். அவனுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். தம்பி, நான் பணத்தைப் பார்த்து முடிவு செய்யவில்லை. நோட்டைப் பார்த்து முடிவு செய்தேன். அதே நோட்டை வைத்துக்கொண்டு ஒருவர் ரோபோவிலும் செய்தால், அவரிடமும் தைரியமாகப் படுப்பேன்.

உங்கள் அப்பா அம்மாவுக்காக விசாரிக்கிறவர்களுக்கு மூன்று விஷயம். மூட்டின் விலைக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு வைத்தது. அதற்கு முன் சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற கோபால்ட் குரோமிய மூட்டு, வரி நீங்கலாக 54,720 ரூபாய் ஆனது. அதனால் பில்லில் மூட்டுக்கு எவ்வளவு, மற்றவற்றுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். இரண்டாவது, என் நான்கு கேள்விகளையும் எழுதிக்கொண்டு போங்கள். மூன்றாவது, எல்லா முழங்கால் வலிக்கும் ஆபரேஷன் வேண்டாம். எடை குறைப்பு, தொடைப் பயிற்சி, மாத்திரை எல்லாம் பார்த்துவிட்டு, தூக்கம் கெடுகிற, நடை நிற்கிற கட்டத்தில் போங்கள். ஆனால் நாற்காலி வரும்வரை காத்திருக்காதீர்கள். என் அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் இரண்டாவது வாரத்தில் எனக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். மறுநாளே எழுப்பி நடக்க வைப்பார்களாம். பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வர வேண்டாம். வந்தால் பத்து நிமிடம் என்னோடு வராந்தாவில் நடக்க வேண்டும், அதுதான் பார்வையாளர் கட்டணம். தைலம், கட்டு, மந்திரிப்பு அனுப்ப நினைப்பவர்கள் குரூப்பிலேயே நிறுத்திக்கொள்ளவும்.

என் கணக்கு எப்படி வந்தது என்று மூன்று மாதம் கழித்து இங்கேயே எழுதுகிறேன். நன்றாக வந்தாலும் எழுதுவேன், பிசகினாலும் எழுதுவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்